ஓவர்ஹால் முடிந்த மோரிஸ் மைனர் இன்ஜினை வீட்டு போர்ச்சிலேயே ஏற்றுவது: முழுமையான வழிகாட்டி

கோலாலம்பூரில் பழைய மோரிஸ் மைனர் கார் வைத்திருக்கும் நம்மவர்கள் இன்ஜினைக் கழற்றி ஒர்க்‌ஷாப்பில் கொடுப்பது வரை தைரியமாகச் செய்துவிடுகிறார்கள். சிலிண்டர் போர் போட்டு, கிராங்க் கடைந்து, புது பிஸ்டனோடு இன்ஜின் வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் தடுமாற்றம் தொடங்குகிறது. தூக்கி உள்ளே வைப்பதை எல்லோரும் பெரிய வேலையாக நினைக்கிறார்கள். உண்மையில் அது சீக்கிரம் முடிந்துவிடும். பணமும் உழைப்பும் வீணாவது அதற்கு முந்திய தயாரிப்பிலும், ஸ்டார்ட் ஆன முதல் சில நிமிடங்களிலும்தான்.

இங்கே சொல்வது 1962க்குப் பிறகு வந்த 1098 சிசி மைனருக்கு. 948 சிசி வண்டிக்கும் வரிசை இதேதான். அளவுகளை மட்டும் அதன் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். கியர்பாக்ஸ் காரிலேயே இருக்கிறது, இன்ஜின் மட்டும் தனியாக ஏறுகிறது என்று வைத்துச் சொல்கிறேன். இரண்டையும் சேர்த்து ஏற்றுவதும் உண்டு. ஆனால் அதற்குக் காருக்குள் தரைவிரிப்பு, கியர்பாக்ஸ் மூடி, அடியில் உள்ள குறுக்குச் சட்டம் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும், பாரமும் கூடும். வீட்டு ஆட்களை வைத்துச் செய்யும்போது தனியாக ஏற்றுவதே நல்லது.

1. கிராண்டையும் இன்ஜின் எண்ணையும் முதலில் பாருங்கள்

மைனரின் இன்ஜின் எண், பிளாக்கின் வலப்பக்கம் டைனமோவுக்கு மேலே ஒரு சின்னத் தகட்டில் இருக்கும். ஒர்க்‌ஷாப்பில் பிளாக்கை மருந்துத் தொட்டியில் போட்டுக் கழுவும்போது இந்தத் தகடு கழன்று காணாமல் போவது சாதாரணம். இன்ஜினை வாங்கும்போதே தகடு இருக்கிறதா, கிராண்டில் (வண்டியின் பதிவுச் சான்றில்) உள்ள எண்ணும் அதுவும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

பழைய பிளாக் தேறாமல் வேறு பிளாக் போட்டிருந்தால், அது சட்டப்படி இன்ஜின் மாற்றம். ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதியும் சோதனையும் வேண்டும். ஏற்றி முடித்த பிறகு பார்க்கலாம் என்று விட்டால், ரோட் டாக்ஸும் இன்சூரன்ஸும் புதுப்பிக்கும் நேரத்தில் சிக்கல் வரும். காகித வேலை முடியாமல் கிரேனை வாடகைக்கு எடுக்க வேண்டாம்.

2. ஒர்க்‌ஷாப்பில் கேட்டு எழுதி வாங்க வேண்டியது

போர்மென் "எல்லாம் புதுசு, போய்ப் போட்டுக்கங்க" என்பார். அது போதாது. பிஸ்டன் எத்தனை ஓவர்சைஸ் (மூல அளவைவிட எவ்வளவு பெரிது), மெயின் பேரிங்கும் பிக் எண்ட் பேரிங்கும் எத்தனை அண்டர்சைஸ் (எவ்வளவு சிறிது), எக்ஸாஸ்ட் வால்வுக்குக் கடினமான சீட் வளையம் போட்டார்களா என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். அந்தக் காலத்து இன்ஜின் ஈயம் கலந்த பெட்ரோலுக்குச் செய்தது. இன்றைய பெட்ரோலில் சாதா சீட் மெல்ல மெல்லத் தேய்ந்து உள்ளே இறங்கும், டேப்பட் இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கர் கைக்கும் நடுவே உள்ள சந்து) குறைந்துகொண்டே வரும்.

கேம்ஷாப்டும் டேப்பட் குமிழ்களும் புதிதா பழையவையா என்பது இன்னொரு கேள்வி. முதல் ஸ்டார்ட்டை எப்படிச் செய்வது என்பது இந்தப் பதிலைப் பொறுத்தது.

ஆயில் பம்ப்பை மூடுவதற்கு முன் உள்ளே எண்ணெயோ கிரீஸோ வைத்தார்களா என்றும் கேளுங்கள். சில கார்களில் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி, அந்தத் துளை வழியாக டிரில் வைத்து ஆயில் பம்ப்பைச் சுற்றலாம். மைனர் இன்ஜினில் பம்ப் கேம்ஷாப்டின் பின்முனையில் இருப்பதால் அது நடக்காது. வறண்ட பம்ப் எண்ணெயை இழுக்க நேரமாகும். அதுவரை பேரிங் காய்ந்து சுற்றும்.

3. போர்ச், கிரேன், மழை

லிங்க் வீட்டு (வரிசை வீட்டு) போர்ச் போதும். ஆனால் தரையின் சரிவைப் பாருங்கள். மழைத்தண்ணீர் வடிய எல்லா போர்ச்சும் வாசல் பக்கம் கொஞ்சம் சரிந்திருக்கும். சக்கரம் வைத்த கிரேன், பாரத்தோடு அந்தப் பக்கம் தானாக உருளும். சக்கரங்களுக்கு மரக்கட்டை வெட்டித் தயாராக வைத்திருங்கள். டைல்ஸ் தரையென்றால் கனமான பிளைவுட் பலகை விரியுங்கள். இல்லையென்றால் கிரேனின் சின்னச் சக்கரம் டைல்ஸைப் பிளக்கும், இணைப்புக் கோட்டில் சிக்கி இன்ஜினை ஆட்டும்.

போர்ச் கூரையில் செயின் பிளாக் தொங்கவிடலாமே என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். கூடாது. அந்த இரும்புச் சட்டம் தகரத்தைத் தாங்கத்தான் போட்டது.

வாடகை கிரேனில் 2 டன் என்று எழுதியிருக்கும். கையைக் குட்டையாக வைத்தால்தான் அந்தக் கணக்கு. நீட்டினால் அரை டன்னுக்கு இறங்கிவிடும். மைனர் இன்ஜினுக்கு அதுவும் தாராளம். கவனிக்க வேண்டியது உயரமும் எட்டும் தூரமும்தான். வெறும் கிரேனைக் காருக்கு முன்னால் தள்ளி ஒரு ஒத்திகை பாருங்கள். கால்கள் காரின் அடியில் போகின்றனவா, கொக்கி இன்ஜின் உட்காரும் இடத்துக்கு நேர் மேலே வருகிறதா, முன்பக்கத் தகட்டைத் தாண்ட உயரம் போதுமா என்று பார்த்துவிடுங்கள். இந்த ஒத்திகை இல்லாமல் இன்ஜினைத் தூக்கிய பிறகு கிரேன் எட்டவில்லை என்று அந்தரத்தில் தொங்கவிட்டு யோசிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

காலையில் ஆரம்பியுங்கள். நம் ஊரில் மதியத்துக்கு மேல் எப்போது இடி இடிக்கும் என்று சொல்ல முடியாது. திறந்திருக்கும் கிளட்ச்சில் சாரல் பட்டால் மறுபடி கழற்றித் துடைக்க வேண்டும்.

4. யார் எங்கே நிற்பது

தூக்கும் வேலைக்கு நாலு பேர் போதும். அதற்கு மேல் வந்தால் வேடிக்கை பார்க்கட்டும். ஒருவர் கிரேன் கைப்பிடியில். ஒருவர் இன்ஜினின் முன்பக்கம் கைவைத்து ஆடாமல் பிடிப்பவர். ஒருவர் பல்க்ஹெட் (இன்ஜின் அறைக்கும் காரின் உள்பகுதிக்கும் நடுவே உள்ள தடுப்பு) பக்கம் குனிந்து, கியர்பாக்ஸுக்கும் இன்ஜினுக்கும் நடுவே உள்ள இடைவெளியை மட்டும் பார்ப்பவர். நாலாவது ஆள் எதையும் தொடாமல் நின்று சொல்பவர்.

மேலே, கீழே, முன்னே, பின்னே என்பதை அந்த நாலாவது ஆள் மட்டும்தான் சொல்ல வேண்டும். "நில்லு" என்பதை மட்டும் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். சொன்ன நொடியில் எல்லாம் நிற்க வேண்டும். வீட்டில் லோரி ஓட்டிய பெரிய மாமா இருந்தால் அவர் சும்மா நிற்க மாட்டார். அவரையே சொல்பவராக வைத்துவிடுங்கள், நீங்கள் இடைவெளியைப் பாருங்கள். கார் உங்களுடையது என்பதற்காகக் கட்டளையும் உங்களிடமே இருக்க வேண்டும் என்று இல்லை. இரண்டு பேர் கட்டளையிடுவதுதான் ஆபத்து.

கிரேன் பிடிப்பவருக்கு முதலில் பயிற்சி கொடுங்கள். ஏற்றுவது எளிது, பம்ப் அடித்தால் ஏறும். இறக்கும் வால்வுதான் வில்லன். கொஞ்சம் கூடத் திருப்பிவிட்டால் இன்ஜின் மளமளவென்று இறங்கும். பழைய டயர் ஒன்றின் மேல் இன்ஜினைச் சற்றே தூக்கி, மயிரிழை மயிரிழையாக இறக்கக் கை பழகும் வரை செய்யச் சொல்லுங்கள்.

எழுத்து அழகாக உள்ள ஒருவரிடம் நோட்டைக் கொடுங்கள். எங்கள் வீட்டில் அது அண்ணன் மகள் வேலை. எந்த நட்டு கையால் மட்டும் பூட்டியது, எது முழுவதும் இறுக்கியது என்று அவர் குறித்துக்கொண்டே வருவார். "சித்தப்பா, இடப்பக்க மவுண்டிங் இன்னும் டிக் பண்ணலை" என்று ஒரு குரல் வந்தால் போதும், பெரிய தலைவலி தப்பும். சின்னப் பிள்ளைகளை ஸ்பானர் எடுத்துக் கொடுக்க வைக்கலாம். தொங்கும் இன்ஜினுக்கு அடியில் மட்டும் யாருடைய கையும் காலும் போகக்கூடாது.

5. கையில் இருக்க வேண்டிய சாமான்

மைனரில் இன்ச் நட்டுகள். 7/16, 1/2, 9/16, 5/8 ஸ்பானர்களும் சாக்கெட்டும் வேண்டும். 1/2 இன்ச் நட்டில் 13 மில்லிமீட்டர் ஸ்பானர் உட்காரும். உட்காருவதால்தான் பிரச்சினை, இறுக்கும்போது வழுக்கி மூலையைத் தேய்த்துவிடும்.

டார்க் ரென்ச், ஃபீலர் கேஜ், கிளட்ச் நடுப்படுத்தும் குச்சி, கியர்பாக்ஸைத் தாங்க ஒரு ஜாக்கி, இரண்டு ஸ்டாண்ட், பவுடர் வகைத் தீயணைப்பான். சாமானில் புது மவுண்டிங் ரப்பர்கள், 7 1/4 இன்ச் கிளட்ச் செட், ரிலீஸ் பேரிங், தண்ணீர் ஹோஸ்கள், பெட்ரோல் ஹோஸ், ஃபில்டர், எர்த் பட்டை. பழைய மவுண்டிங்கைத் துடைத்துப் போட்டால் போதுமே என்று தோன்றும். பல வருஷம் எண்ணெயில் ஊறிய ரப்பர் பார்க்க நன்றாக இருக்கும், பாரம் ஏறியதும் தொய்யும்.

எண்ணெய் 20டபிள்யூ-50 மினரல், துத்தநாகச் சேர்மம் உள்ளதாக. ஃபுல் சிந்தெடிக் இப்போது வேண்டாம். ரிங் உட்கார உராய்வு வேண்டும். ஃபில்டரோடு சேர்த்து 3.7 லிட்டர் பிடிக்கும்.

கழற்றிய நட்டு போல்ட்டுகளுக்கு மிலோ டின்கள், ஒவ்வொன்றின் மேலும் பெயர் எழுதி. இன்ஜின் ஒர்க்‌ஷாப்பில் கிடந்த மாதங்களில் எது எங்கே இருந்தது என்பது யாருக்கும் நினைவிருக்காது.

6. காரின் பக்கம்

பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். பானெட் கீல்களைச் சுற்றிப் பென்சிலில் கோடு போட்டுவிட்டு இருவராகத் தூக்கி எடுங்கள். கோடு இல்லையென்றால் திரும்ப மாட்டும்போது பானெட் கோணலாகவே நிற்கும்.

ரேடியேட்டர் வெளியிலேயே இருக்கட்டும். அது கடைசியில்தான். ஒயர்கள், கேபிள்கள், பைப்புகள் எல்லாவற்றையும் பின்னால் இழுத்துக் கட்டுங்கள். இறங்கும் இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே ஒரு ஒயர் மாட்டி நசுங்கினால் அப்போது தெரியாது. பிறகு இரவில் ஹெட்லைட் எரியாதபோது எங்கே தேடுவது?

கியர்பாக்ஸின் முன்பகுதிக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியால் தாங்குங்கள். அதன் உயரத்தைப் பின்னால் கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டிவரும், அதனால் ஜாக்கியின் கைப்பிடி எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

7. இன்ஜின் தரையில் இருக்கும்போதே

பிளக் ஓட்டைகள், மேனிஃபோல்ட் வாய்கள், தண்ணீர் வாய்களில் டார்ச் அடித்துப் பாருங்கள். அடைத்து வைத்த துணித்துண்டு உள்ளேயே கிடக்கலாம். பிறகு பிளக்குகள் இல்லாமல் கிராங்கைக் கையால் முழுதாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். ஒரே சீராகச் சுற்ற வேண்டும். ஓர் இடத்தில் மட்டும் முறுகினால் ஏற்றாதீர்கள், திருப்பி அனுப்புங்கள்.

டேப்பட்டை இங்கேயே வைத்துவிடலாம். நிமிர்ந்து நின்று நிதானமாகச் செய்யலாம். குளிர்ந்த நிலையில் எட்டுக்கும் 0.012 இன்ச். ஒன்பது கணக்கு தெரிந்தால் சுலபம்: முதல் வால்வு முழுவதும் திறந்திருக்கும்போது எட்டாவதைச் சரிசெய்யுங்கள், இரண்டாவது திறந்தால் ஏழாவது. இரண்டு எண்ணும் சேர்ந்து எப்போதும் ஒன்பது.

டைனமோ, ஸ்டார்ட்டர், கார்ப்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி இவற்றை இப்போது மாட்டாதீர்கள். பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு இறங்கும்போது இடிக்கும். இன்ஜின் உள்ளே போன பிறகு கை போகாத இடத்தில் உள்ளவற்றை மட்டும் இப்போதே முடித்துவிடுங்கள்.

8. கிளட்ச்

கிராங்கின் பின்முனையில் உள்ள சின்ன வெண்கலப் புஷ்ஷை முந்தின இரவே இன்ஜின் ஆயிலில் ஊறப்போட்டு மாட்டுங்கள். கியர்பாக்ஸ் ஷாப்ட்டின் நுனி அதில்தான் உட்காரும். காய்ந்த புஷ் கொஞ்ச நாளில் கீச்சிடும்.

ஃப்ளைவீல் முகத்தையும் பிரஷர் பிளேட்டையும் பிரேக் கிளீனரால் துடைத்துவிட்டு, கையையும் கழுவிக்கொண்டு கிளட்ச் பிளேட்டைத் தொடுங்கள். எண்ணெய் விரல் ஒன்று பட்டாலே கிளட்ச் உதறும். பிளேட்டின் எந்தப் பக்கம் ஃப்ளைவீலைப் பார்க்க வேண்டும் என்று அதிலேயே பொறித்திருக்கும். திருப்பி மாட்டிவிட்டால் எல்லாம் பூட்டி, கார் தெருவுக்கு வந்து, கியர் விழாதபோதுதான் தெரியும்.

நடுப்படுத்தும் குச்சியைச் செருகி, கவர் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். முடிந்ததும் குச்சி தடையில்லாமல் வெளியே வந்து, திரும்பவும் தடையில்லாமல் உள்ளே போக வேண்டும். கொஞ்சம் பிடித்தாலும் போல்ட்டைத் தளர்த்தித் திரும்பச் செய்யுங்கள். இங்கே விட்ட குறை அடுத்த கட்டத்தில் நாலு பேரையும் வதைக்கும்.

9. தூக்கி உள்ளே வைப்பது

இதற்கென்று உள்ள தூக்குப் பட்டை இல்லாவிட்டால் அகலமான வெபிங் பெல்ட் போடுங்கள். சம்ப்பை (அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியை) சுற்றியோ முன்பக்கப் புல்லியிலோ ஆயில் பைப்பிலோ பாரம் விழக்கூடாது. சம்ப் வெறும் தகரம்.

முதலில் ஒரு சாண் உயரம் தூக்கி அப்படியே விட்டு, பெல்ட் நழுவுகிறதா, இன்ஜின் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். பின்பக்கம் லேசாகத் தாழ்ந்திருக்க வேண்டும். கியர்பாக்ஸ் அப்படித்தான் சாய்ந்திருக்கிறது. இந்தச் சாய்வைத் தரைக்கு அருகிலேயே சரிசெய்யுங்கள்.

பிறகு முன்தகட்டைத் தாண்டும் அளவு உயர்த்தி, கிரேனை மெல்லத் தள்ளி, இறக்குங்கள். இதில் வேறு விஷயம் ஒன்றும் இல்லை. மெதுவாகச் செய்தால் போதும்.

10. கியர்பாக்ஸோடு சேர்ப்பது

எல்லாரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கியர்பாக்ஸிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஷாப்ட், கிளட்ச் பிளேட்டின் பல் துவாரத்துக்குள் போய், பிறகு வெண்கலப் புஷ்ஷுக்குள் நுழைய வேண்டும். இன்ஜின் முகமும் பெல் ஹவுசிங் (கிளட்ச்சை மூடும் கியர்பாக்ஸின் முன்பகுதி) முகமும் ஒன்றுக்கொன்று நேராக இருந்தால் தானாகப் போகும். இல்லையென்றால் எவ்வளவு தள்ளினாலும் போகாது.

இடைவெளியை மேலே, கீழே, வலம், இடம் என்று நாலு இடத்தில் பாருங்கள். ஒரே கனமுள்ள இரண்டு மரத்துண்டுகளை மேலும் கீழும் வைத்துப் பார்ப்பது எளிய வழி. மேலே இறுகிக் கீழே தளர்ந்தால் முகங்கள் நேராக இல்லை. கியர்பாக்ஸ் ஜாக்கியையோ கிரேனையோ இம்மியளவு மாற்றுங்கள், இரண்டையும் ஒரே நேரத்தில் வேண்டாம். எது சரிசெய்தது என்று தெரியாமல் போய்விடும்.

பற்கள் ஒன்றோடொன்று இடித்தால், கியரை டாப்பில் போட்டுவிட்டு, முன்பக்கப் புல்லி நட்டில் பெரிய ஸ்பானர் வைத்துக் கிராங்கை மெல்ல அசைக்கச் சொல்லுங்கள். முன்னால் நிற்பவர் இன்ஜினைப் பின்னோக்கி லேசாக அழுத்தியபடியே இருக்கட்டும். பல் பொருந்தும் நொடியில் இன்ஜின் சட்டென்று ஒரு விரற்கடை பின்னால் போகும். அப்புறம் இன்னும் ஒரு கட்டைவிரல் அகலம் மிச்சம் இருக்கும். அது ஷாப்ட் நுனி புஷ்ஷுக்குள் நுழையும் தூரம். அங்கேதான் நாலு பேருக்கும் பொறுமை போகும்.

"போல்ட்டைப் போட்டு இழுத்துடலாம்பா" என்று ஒரு குரல் வரும். அதைக் கேட்காதீர்கள். போல்ட்டால் இழுத்தால் முகங்கள் சேர்ந்துவிடும்தான். ஆனால் கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி வளைந்திருக்கும், புஷ் நசுங்கியிருக்கும், அலுமினியப் பெல் ஹவுசிங்கின் காது விண்டிருக்கும். போகவில்லையென்றால் இன்ஜினை முழுவதும் முன்னால் இழுத்து, குச்சியை மறுபடி செருகிப் பார்த்து, திரும்ப வாருங்கள்.

இடையில் தே குடிக்கப் போவதென்றால் இன்ஜினைப் பாதி நுழைந்த நிலையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். முழுப் பாரமும் அந்த ஒல்லி ஷாப்ட்டில் தொங்கும். ஒன்று முழுவதும் சேருங்கள், இல்லை முழுவதும் பிரியுங்கள்.

முகங்கள் ஒட்டியதும் எல்லாப் போல்ட்டுகளையும் முதலில் கையால் நுழைத்து, பிறகு இறுக்குங்கள். மவுண்டிங் அதற்கு அப்புறம்தான். பாதுகாப்புக்கு என்று மவுண்டிங்கை முதலில் இறுக்கினால் இன்ஜின் அசையாது, பெல் ஹவுசிங் துளைகள் நேராக வராது. இரண்டும் பூட்டி நோட்டில் குறித்த பிறகுதான் கிரேனைத் தளர்த்துங்கள். கியர்பாக்ஸ் ஜாக்கி கடைசியில்.

11. இணைப்புகள், கீழிருந்து மேலே

கை போகாத இடத்தில் உள்ளதை முதலில் பூட்டுங்கள்: ஸ்டார்ட்டர், எர்த் பட்டை, கிளட்ச் தண்டு, எக்ஸாஸ்ட் கிளாம்ப். காருக்கு அடியில் போகும்போது ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் வையுங்கள். பிறகு டைனமோ, கார்ப்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர். கடைசியில் ரேடியேட்டரும் ஹோஸ்களும். மேலே உள்ளதை முதலில் மாட்டிவிட்டு ஸ்டார்ட்டருக்காக எல்லாவற்றையும் திரும்பக் கழற்றும் காட்சி ரொம்பச் சாதாரணம்.

எர்த் பட்டையைத் தனியாகச் சொல்ல வேண்டும். இன்ஜின் ரப்பரில் உட்கார்ந்திருக்கிறது. இந்தப் பட்டை இல்லையென்றால் ஸ்டார்ட்டரின் மொத்த மின்சாரமும் சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகப் பாயும். கேபிள் சிவந்து புகைந்து உருகிவிடும். பட்டை உட்காரும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டிவிட்டுப் பூட்டுங்கள்.

மைனர் தொழிற்சாலையிலிருந்து வரும்போது பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்திருக்கும். பின்னால் யாராவது மாற்றியிருக்கலாம். பேட்டரியை மாட்டுவதற்கு முன் எது என்று நிச்சயப்படுத்திக்கொள்ளுங்கள்.

நம் ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு என்று எடுத்துவிடும் பழக்கம் இங்கே இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. புது ரிங்கும் போரும் சரியான சூட்டில்தான் பழக வேண்டும். சூடு ஏறுகிறது என்றால் அடைந்துபோன ரேடியேட்டரைச் சுத்தம் செய்யுங்கள்.

எஸ்யூ கார்ப்புரேட்டரின் மேல் குப்பியில் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விடுங்கள். அது காய்ந்திருந்தால் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதெல்லாம் இன்ஜின் திணறும். புதிதாக வந்தவர்கள் டைமிங்கைக் குற்றம் சொல்லி நாளைக் கழிப்பார்கள்.

12. எண்ணெய் மேலே வராமல் ஸ்டார்ட் இல்லை

எண்ணெய், கூலண்ட் ஊற்றியாயிற்றா? ஃபில்டர் கிண்ணத்தை எண்ணெய் நிரப்பித்தானே மாட்டினீர்கள்? சரி. பிளக்குகள் வெளியே, காயில் ஒயர் கழற்றி, ராக்கர் கவரைத் திறந்து வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். பத்து வினாடி சுற்றி, ஸ்டார்ட்டர் ஆற இடைவெளி விட்டு, மறுபடி. பிளக் இல்லாததால் பேரிங்குக்குப் பாரம் இல்லை, அதனால் பயப்பட வேண்டாம்.

முதலில் டேஷ்போர்டில் ஆயில் விளக்கு அணையும். அதோடு நிறுத்தாதீர்கள். ராக்கர் ஷாப்ட்டில் எண்ணெய் முதலில் ஒரு மினுமினுப்பாகத் தெரியும். பிறகு ஒவ்வொரு ராக்கரின் இடுக்கிலிருந்தும் கசிந்து வால்வு ஸ்பிரிங் மேல் வழியும். எட்டிலும் வழிந்த பிறகு கவரை மூடலாம்.

விளக்கு அணையவே இல்லையென்றால் ஸ்டார்ட் செய்துதான் பார்ப்போமே என்று போகாதீர்கள். பம்ப் எண்ணெயை இழுக்கவில்லை. ஃபில்டருக்குப் போகும் வெளிப்பைப்பைத் தளர்த்தி எண்ணெய் வருகிறதா என்று பாருங்கள்.

13. டைமிங்

முதல் சிலிண்டர் கம்ப்ரஷன் உச்சியில் இருக்க வேண்டும். புல்லிக் குறி இரண்டு சுற்றுக்கு இரண்டு முறை நேராக வரும். ஒன்று சரி, ஒன்று தவறு. நாலாவது சிலிண்டரின் இரண்டு ராக்கரும் ஒன்று மூட, ஒன்று திறக்கத் தொடங்கும் நிலையில் இருந்தால், முதல் சிலிண்டர் சரியான உச்சியில் இருக்கிறது. ராக்கர் கவர் திறந்திருக்கும்போதே இதையும் பார்த்துவிடுங்கள்.

ரோட்டர் காட்டும் இடம் முதல் பிளக் ஒயர். அங்கிருந்து இடஞ்சுழியாக 1, 3, 4, 2. பாயிண்ட் இடைவெளி 0.015 இன்ச், பிளக் 0.025 இன்ச். ஸ்டார்ட் செய்தால் கார்ப்புரேட்டர் வழியாகப் படாரென்று வெடித்தால், பெரும்பாலும் டிஸ்ட்ரிபியூட்டர் அரைச்சுற்று மாறி உட்கார்ந்திருக்கிறது.

14. முதல் இருபது நிமிடம்

டேங்கில் பழைய பெட்ரோல் இருந்தால் இறக்கிவிட்டுப் புதிதாக ரோன் 95 ஊற்றுங்கள். சாவியைத் திருப்பியதும் எஸ்யூ பெட்ரோல் பம்ப் டிக் டிக்கென்று அடித்து, கார்ப்புரேட்டர் நிரம்பியதும் நிற்கும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் எங்கோ கசிகிறது, அல்லது ஃப்ளோட் ஊசி மூடவில்லை. ஸ்டார்ட் செய்யாமல் அதைப் பாருங்கள். ஒருவர் தீயணைப்பானோடு பக்கத்திலேயே நிற்கட்டும்.

கேம்ஷாப்டும் குமிழ்களும் புதிது என்றால் இன்ஜின் பிடித்தவுடன் ஐட்லிங்கில் விடக்கூடாது. நிமிடத்துக்கு 1500 சுற்றுக்கும் 2500 சுற்றுக்கும் நடுவே ஏற்றி இறக்கி இருபது நிமிடம் ஓட வேண்டும். கேமுக்கு எண்ணெய், கிராங்க் சுற்றும்போது தெறிப்பதில்தான் கிடைக்கிறது. ஐட்லிங்கில் தெறிப்பு குறைவு. புதுக் கேம் தேய்ந்து போவது பெரும்பாலும் இந்த இருபது நிமிடத்தில்தான். அதனால்தான் டைமிங், பெட்ரோல், தண்ணீர் எல்லாம் முன்பே சரியாக இருக்க வேண்டும்; இன்ஜினை ஓடவிட்டு ஸ்குரூவைத் திருகிக்கொண்டிருக்க இது நேரம் இல்லை. பழைய கேம் அதே குமிழ்களோடு திரும்ப வந்திருந்தால் இந்த ஓட்டம் தேவையில்லை.

ஒருவர் ஆயில் விளக்கை மட்டும் பார்க்கட்டும். மைனரில் டெம்பரேச்சர் மீட்டர் கிடையாது, அதனால் இன்னொருவர் ரேடியேட்டர் பக்கம். அடியில் அட்டை விரித்து வைத்தால் சொட்டு விழுந்த இடம் தெரியும். விளக்கு எரிந்தால், தண்ணீர் கொதித்தால், இரும்பு இடிக்கும் சத்தம் கேட்டால் யாரையும் கேட்காமல் ஆஃப் செய்யுங்கள். எக்ஸாஸ்ட்டிலிருந்து வரும் பெயிண்ட் நாற்றத்துக்கும் புகைக்கும் பயப்பட வேண்டாம், பூசிய எண்ணெய் எரிகிறது. வீட்டுக் கதவு, ஜன்னலை மூடிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர் துணிக்கொடிக்குத்தான் அந்தப் புகை போகும்.

நன்றாக ஆறிய பிறகு, மறுநாளே நல்லது, ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளிநோக்கி 40 அடி-பவுண்டுக்குத் திரும்ப இறுக்கி, டேப்பட்டை மறுபடி பாருங்கள். கேஸ்கெட் பெட்டியில் மறுஇறுக்கம் வேண்டாம் என்று போட்டிருந்தால் ஹெட்டைத் தொட வேண்டாம்.

15. முதல் 500 கிலோமீட்டர்

ரோட் டாக்ஸ், இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஞாயிறு காலையில் எடுங்கள். செந்தூலிலிருந்து ஜாலான் ஈப்போ வழியாகப் பத்துமலை வரை போய் வருவது இதற்கு ஏற்ற ஓட்டம். நெடிய ஏற்றம் இல்லை, நிறுத்த இடம் உண்டு. தைப்பூச சமயத்தில் மட்டும் அந்தப் பக்கம் வேண்டாம். காராக் நெடுஞ்சாலையும் கெந்திங் மலையும் பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரே வேகத்தில் ஓட்டாதீர்கள். மூன்றாவது கியரில் மிதமாக அழுத்தி வேகம் எடுத்து, பெடலை விட்டு வேகம் குறைய விடுங்கள். இப்படி ஏறி இறங்கும்போதுதான் ரிங் போரில் உட்காரும். பயந்து பயந்து டாப் கியரில் ஊர்ந்தால் இன்ஜின் முக்கும், ரிங் உட்காராது, பிறகு எண்ணெய் குடிக்கும்.

முதல் ஓட்டம் முடிந்து ஆறியதும் மவுண்டிங், பெல் ஹவுசிங், எக்ஸாஸ்ட் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள். புது ரப்பர் அமுங்கியிருக்கும். கிளட்ச் பெடலின் தளர்வையும் சரிபாருங்கள். தளர்வே இல்லையென்றால் கரி ரிலீஸ் பேரிங் எப்போதும் உரசிக்கொண்டிருந்து சீக்கிரம் தீர்ந்துவிடும்.

500 கிலோமீட்டரில் எண்ணெயும் ஃபில்டரும் மாற்றுங்கள். வடித்த எண்ணெயை வெள்ளைத் தட்டில் ஊற்றி வெயிலில் சாய்த்துப் பாருங்கள். மெல்லிய சாம்பல் மினுக்கம் இருந்தால் பரவாயில்லை, அது புது ரிங்கின் தேய்மானம். நகத்தில் எடுக்கக்கூடிய துணுக்குகள், செம்பு நிறத் துகள்கள் இருந்தால் காரை எடுக்காமல், இரண்டாவது கட்டத்தில் எழுதி வாங்கிய பில்லோடு ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள்.